குதிரும் கூழ்க்கூடையும்

பூதலூர் இரண்டு மண்ணுக்கு எல்லையில் இருக்கிற ஊர். வடக்கே திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போனால் காவிரியும் குடமுருட்டியும் கொண்டுவந்து போட்ட வண்டல். தெற்கே செங்கிப்பட்டிப் பக்கம் போகப் போகச் செம்மண், அதன் அடியில் செம்பாறாங்கல். 1862இல் தஞ்சாவூரையும் திருச்சியையும் ரயில் இணைத்தபோது ஊரின் பிழைப்பு மாறியது. 1934இல் மேட்டூர் அணையோடு கல்லணைக் கால்வாய் வந்தபோது இன்னொரு முறை மாறியது. மண் மட்டும் மாறவில்லை. சுவர் வைக்கச் செம்மண், குதிர் செய்யக் குளத்துக் களி, அடுப்பு போட இரண்டும் கலந்தது என்று எங்கள் அப்பாயி பிரித்து வைத்திருந்தாள். மூன்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. வைக்கோல் சேராத மண்ணை அவள் எதற்கும் எடுத்ததில்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். பன்னிரண்டாம் வகுப்பில் பலபடிகள் பாடம் உண்டு. பாலித்தீன், நைலான், டெரிலின் எல்லாம் முடிந்து, கடைசிப் பக்கங்களில் உயிரிச் சிதைவுறும் பலபடிகள் வரும். பி.எச்.பி.வி. என்று ஒரு பெயரும் அதன் வாய்பாடும் தேர்வுக்கு இரண்டு மதிப்பெண். மக்கிப்போகிற பிளாஸ்டிக் தனியாக நின்றால் ஒன்று நொறுங்கும், இல்லாவிட்டால் தண்ணீர் பட்டால் தளரும். அதனால் வாழை, சணல், புளிச்சை என்று ஏதாவது ஒரு நாரைச் சேர்த்து வலுவேற்றுகிறார்கள் என்பது பாடத்தில் இருக்காது; நான் சொல்வேன். பிடித்துக்கொள்ள ஒரு பசை, இழுவையைத் தாங்க ஒரு நார். பசைக்கு வலு இல்லை, நாருக்கு உருவம் இல்லை. சேர்ந்தால் ஒரு பொருள்.

இந்தக் கணக்கு எங்கள் பக்கத்து வீடுகளில் வெகுகாலமாக நடந்துகொண்டிருந்தது. பெருமை பேச இதை எழுதவில்லை. ‘எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது’ என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். இருந்தது. யார் கையால் இருந்தது, ஏன் போயிற்று என்பதை அவர்கள் சொல்வதில்லை.

குதிரிலிருந்து தொடங்குகிறேன். நகரத்துப் பிள்ளைகளுக்கு அது ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்ற பழமொழியாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அந்தப் பழமொழிக்குள் ஓர் அளவு இருக்கிறது: கடன்காரனுக்குப் பயந்த ஓர் ஆள் உள்ளே இறங்கி உட்காரலாம். நெல் சேமிக்க வீட்டுக்குள் நிறுத்திய மண் கூடு அது. பெரிய மிராசு வீடுகளில் மரப் பத்தாயம் இருக்கும். நடுத்தரக் குடியானவர் வீட்டில் குதிர்.

கோடையில் குளம் வற்றியதும் களி வெட்டுவார்கள். கல்லும் வேரும் பொறுக்கி எறிந்துவிட்டு, விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலும் கொஞ்சம் உமியும் போட்டு, தண்ணீர் விட்டு மிதித்து, ஈரச்சாக்கால் மூடி வைப்பார்கள். உடனே எடுக்கக் கூடாது. சில நாள் போனதும் நாற ஆரம்பிக்கும். “நாறினாத்தான்டி மண்ணு பழுத்திருக்குன்னு அர்த்தம்” என்பாள் அப்பாயி. நெல் வைக்கோலின் மேல்தோலில் மெழுகும் சிலிக்காவும் உண்டு. வழவழப்பான அந்தத் தோலில் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. மண்ணுக்குள் ஊறும்போது நுண்ணுயிர்கள் அந்தத் தோலைத் தின்னத் தொடங்குகின்றன, வைக்கோல் இளகிச் சொரசொரப்பாகிறது, களி அதைக் கவ்வுகிறது. இன்று ஆய்வுக்கூடத்தில் வாழைநாரைப் பிளாஸ்டிக்கில் சேர்ப்பதற்கு முன் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறப்போடுகிறார்கள். மெழுகும், லிக்னின், ஹெமிசெல்லுலோஸில் ஒரு பகுதியும் கரைந்து நாரின் மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. பருத்தி நூலைக் காரத்தில் நனைக்கும் முறைக்கு ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1850இல் காப்புரிமை வாங்கினார். அந்தக் கார முழுக்குதான் இது. காரம் சில மணி நேரத்தில் முடிப்பதை எங்கள் வீட்டில் அழுகல் சில நாளில் முடித்தது.

பழுத்த மண்ணை வட்டமாக ஒரு சாண் உயரம் ஏற்றுவார்கள். தன் மேல் வரும் கனத்தைத் தாங்கும் அளவுக்கு அது உலர்ந்த பிறகுதான் அடுத்த சாண். அவசரப்பட்டால் அடி பிதுங்கி, மொத்தமும் உட்கார்ந்துவிடும். களி உலரும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். வெடிப்பு ஓடிவருகிற வழியில் வைக்கோல் குறுக்கே கிடந்தால் அதை அறுத்தோ உருவியோதான் வெடிப்பு மேலே போக வேண்டும். அதற்கே அதன் வேகம் செத்துவிடும். அடியில் நெல் தள்ள ஒரு வாய், அதை அடைக்க வைக்கோல் சுருள். நெல் கொட்டும்போது இடையிடையே நொச்சியும் வேப்பிலையும் போடுவார்கள். தை அறுப்புக்கு முன்னால் சாணி, சாம்பல், களி மூன்றும் குழைத்து உள்ளும் புறமும் மெழுகியாக வேண்டும். எலி குடைந்த இடத்தில் கண்ணாடிச் சில்லைப் பதித்து மூடுவார்கள்.

அந்த மண்ணை மிதித்தது யார்? எங்கள் வீட்டில் அப்பாயியும் மிதித்தாள், அவளோடு கூலிக்கு வந்த பெண்களும் மிதித்தார்கள். இன்னும் வசதியான வீடுகளில் வீட்டுப் பெண்கள் சேற்றில் கால் வைக்கவே மாட்டார்கள். பண்ணையாள் குடும்பத்துப் பெண்கள்தான். 1952இல் தஞ்சாவூருக்கென்றே தனியாகப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று கொண்டுவர வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். அவர்களுக்குக் கூலி நெல்லாக வரும், வந்த நெல் உலைக்குப் போகும். குதிர் செய்யத் தெரிந்த கைகளுக்கு அதைச் சொந்த வீட்டில் நிறுத்தவேண்டிய அவசியம் வந்ததில்லை.

முறமும் கூழ்க்கூடையும் அப்படியல்ல. எல்லார் வீட்டிலும் இருந்தன. மூங்கில் முறத்தை வாங்கியவுடன் புழங்க முடியாது. இழைகளுக்கு நடுவே குருணை ஒழுகிவிடும். பழைய நோட்டுத் தாள், செய்தித்தாள் எல்லாவற்றையும் கிழித்துப் பானையில் ஊறப்போட்டு, தனியே ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைப்பார்கள். பந்து மாதிரி வரும் அந்தக் கூழை முறத்தின் இரண்டு பக்கமும் தேய்த்துக் காயவைத்தால் வேலை முடிந்தது. மிச்சக் கூழைக் கவிழ்த்த சட்டியின் மேல் கனமாக அப்பி, நிழலில் பாதி, வெயிலில் பாதி காயவிட்டு, சட்டியிலிருந்து உருவி எடுத்தால் கூடை. மஞ்சளோ காவியோ பூசிக்கொள்வார்கள். மிளகாய், புளி, வடகம் எல்லாம் அதில் வருடக்கணக்கில் கிடக்கும். வெந்தயத்தின் கசப்புக்குப் பூச்சி கிட்டே வராது.

நல்ல பாலிமர் பாடம் இதற்குள் இருக்கிறது. வெந்தயத்தின் வழுவழுப்புக்குக் காரணம் கேலக்டோமன்னன் என்ற சர்க்கரைச் சங்கிலி. காகிதம் செல்லுலோஸ், அதுவும் சர்க்கரைச் சங்கிலி. இரண்டும் ஓரினம் என்பதால் தண்ணீர் ஆவியாகப் போகும்போது ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. இடையில் வேறு ஒட்டு மருந்து வேண்டியதில்லை. அந்தக் காகிதமும் பல சமயம் எங்கள் வயல்களின் உறவாகவே இருந்திருக்கும்: கரூருக்குப் பக்கத்தில் 1979இல் நிறுவப்பட்டு 1984இல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்தது.

கூழ்க்கூடையை ஆதிகாலக் கலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிராமத்து வீட்டில் வேண்டாத காகிதம் சேரத் தொடங்கியதே பள்ளிக்கூடமும் நாளிதழும் வந்த பிறகுதான். தினமணி 1934, தினத்தந்தி 1942. அதற்கு முன்பு முறத்துக்குச் சாணிதான். புதிதாக ஒரு குப்பை வீட்டுக்குள் வந்ததும், அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்த பெண்களின் வேலை இது. எத்தனை தலைமுறை பழையது என்று கேட்பதை விட, எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பதுதான் அவர்களுக்கு மரியாதை.

தஞ்சாவூர் நாட்டியப் பொம்மையும் இதே வர்க்கம். காகிதக் கூழ், மரவள்ளி மாவு, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம். மரவள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கேரளம் வழியாக நம்மிடம் வந்த கிழங்கு. ஆக, 2008-09இல் புவிசார் குறியீடு பெற்ற பொம்மையின் பசையே வெளியூர்தான். மாவுப்பொருளில் செல்லுலோஸ் நார்: இன்றைய ஆய்வுக் கட்டுரைகளில் கிளிசரின் சேர்த்து, அச்சில் அழுத்திச் செய்கிறார்கள். பொம்மைக்காரர்கள் கையால் அழுத்துகிறார்கள்.

பிறகு இவை போன கதை. பிளாஸ்டிக் வந்தது, குதிர் போனது என்று ஒரே வரியில் முடிப்பது வழக்கம். எங்கள் ஊரில் முதலில் மாறியது வைக்கோல். 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தஞ்சாவூர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்து ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் வந்தது. 1966இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர்.8 வெளியிட்டது. யூரியா போட்டால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே குட்டையாக வளர்க்கப்பட்ட ரகம் அது. பழைய சம்பா ரகங்கள் ஆளுயரம் போகும். குட்டை வைக்கோல் மாட்டுக்குப் போதும். குதிர் மண்ணுக்கும் போதும், அதற்கு எப்படியும் நறுக்கித்தான் போடுகிறோம். பிரி திரிக்கவும், கூரை வேயவும், விதைநெல்லைக் கோட்டை கட்டவும் போதாது. இழை குட்டையானால் பிடிமானம் போய் உருவிக்கொண்டு வந்துவிடும் என்பது கயிறு திரிக்கிறவருக்கும் தெரியும், பிளாஸ்டிக்கில் நார் சேர்க்கிறவருக்கும் தெரியும். விளைச்சல் கூடியது நல்லதுதான். பசித்த காலத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரும் அழகாக நினைவுகூர்ந்ததில்லை. ஆனால் வைக்கோலின் நீளத்தை அந்தக் கணக்கில் யாரும் எழுதவில்லை.

அடுத்து நெல் வீட்டுக்கு வருவதே நின்றது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. கொள்முதல் நிலையங்கள் திறந்தன. களத்திலிருந்து நெல் நேரே அங்கே போயிற்று. வீட்டில் நெல் இல்லை என்றால் குதிர் எதற்கு? நிலையத்தில் சணல் சாக்கு இன்றும் இருக்கிறது, அதற்குக் காரணம் பாசம் அல்ல. உணவு தானியத்தைச் சணலில்தான் கட்ட வேண்டும் என்ற 1987ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு மக்கும் நார் பிழைத்திருப்பதற்குச் சட்டம் வேண்டியிருந்தது என்பதை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் தெருவில் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு, பழைய துணிக்கும் பழைய இரும்புக்கும் பிளாஸ்டிக் குடம், பிளாஸ்டிக் கூடை, பிளாஸ்டிக் முறம் கொடுக்கிறவர்கள் வந்தார்கள். எங்கள் குதிரை உடைக்கச் சொன்னதே அப்பாயிதான். “அப்பாடா, இனிமே மெழுக வேணாம்” என்றாள். உடைத்த மண்ணைக் கொல்லையில் போட்டாள். ஒரு மழையில் கரைந்து, எருக்குழிக்குப் போய், அடுத்த உழவுக்கு வயலில் கிடந்தது. தன் வாழ்நாள் வேலை மறைந்ததற்கு அவள் வருத்தப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. அவளை யாரும் ஏமாற்றவில்லை. மக்குகிற பொருள் என்றால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய பொருள், புதுப்பிக்கிற கை அவளுடையது, கூலி கிடையாது. பிளாஸ்டிக் முறத்தை மெழுக வேண்டாம். அந்தக் கணக்கு சரிதான்.

நாங்கள் மக்குகிற பொருளை விட்டு விலகினோம்; உலகம் எதிர்த்திசையிலிருந்து அதை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது. பாக்டீரியாவின் உடலில் பிளாஸ்டிக் போன்ற ஒன்று சேர்வதை 1926இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மொரீஸ் லெமுவான் கண்டார், பாடப்புத்தகத்தின் பி.எச்.பி.வி. அந்தக் குடும்பம்தான். நைலானைக் கண்டுபிடித்த வாலஸ் கரோதர்ஸ் 1932இல் பாலிலாக்டிக் அமிலம் என்ற இன்னொரு மக்கும் பிளாஸ்டிக்கைச் செய்து பார்த்தார். இரண்டையும் யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை, ஏனென்றால் அப்போது தேடியது மக்காத பொருளை. கிழக்கு ஜெர்மனியின் ட்ராபன்ட் கார் 1957 முதல் ஓடியது. அதன் உடல், பருத்திக் கழிவை ஃபீனால் பிசினில் இறுக்கிச் செய்தது. சுமார் 30 லட்சம் வண்டிகள். நார் செடியிலிருந்து வந்ததுதான், ஆனால் பிசின் சாகாது. பெர்லின் சுவர் விழுந்த பிறகு அந்த உடல்களை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். நம் பக்கத்திலும் 1980களில் திருவனந்தபுரம் மண்டல ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்தில் கே.ஜி. சத்யநாராயணாவும் உடன் வேலை செய்தவர்களும் வாழை, தென்னை நார்களைப் பாலியெஸ்டரில் சேர்த்து வோல்டேஜ் ஸ்டெபிலைசர் மூடி, புரொஜெக்டர் மூடி வரை செய்து காட்டினார்கள். அருமையான வேலை. அதிலும் பாதிதான் மக்கும்.

இரண்டு பாதியும் மக்குகிற பொருள் கடைக்கு வந்தது 2003இல். டொயோட்டா தன் ‘ராவும்’ என்ற காரின் உபரிச் சக்கர மூடியைப் பாலிலாக்டிக் அமிலத்தில் கெனாஃப் நார் சேர்த்துச் செய்தது. 2006இல் ஜப்பானில் ஒரு கைபேசியின் உறையும் அதே கலவையில் வந்தது. கெனாஃப் வேறெதுவும் அல்ல. கீரைக்காரம்மா கட்டிக் கொடுக்கிற புளிச்சைதான். முற்றவிட்டால் தண்டுப் பட்டையில் நல்ல நார் இருக்கும்.

ஆனால் வெந்தயமும் காகிதமும் போல இவை ஓரினம் அல்ல. நார் தண்ணீரை இழுக்கும், பாலிலாக்டிக் அமிலம் தண்ணீரைத் தள்ளும். இரண்டையும் ஒட்டவைக்கத்தான் காரக் குளியல். உருக்குகிற சூடு 200 டிகிரியைத் தாண்டினால் நார் கருகி, காய்ச்சிய வெல்லம் தீய்ந்த வாசனை வரும். பாலிலாக்டிக் அமிலம் அதற்குள் உருகிவிடும் என்பது அதிர்ஷ்டம். மறுபக்கம், 60 டிகிரியை நெருங்கும்போதே அது இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் உட்புறத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நார் சேர்த்தால் அந்தத் தளர்ச்சி கொஞ்சம் குறையும்.

மக்குவது இன்னொரு வழக்கு. மக்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 17088. அந்தச் சோதனை 58 டிகிரி சூட்டில் நடக்கிறது. ஆறு மாதத்துக்குள் பத்தில் ஒன்பது பங்கு சிதைய வேண்டும். ஆலையில் குவித்துப் புரட்டுகிற எருவில் அந்தச் சூடு நிற்கும். எங்கள் கொல்லை எருக்குழியில் அத்தனை வாரம் நிற்காது. குதிருக்கு ஒரு மழை போதுமாக இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது கடைகளில் ‘மக்கும் பை’ என்று அச்சடித்த பைகள் வந்தன. எங்கே போட்டால் மக்கும் என்று எந்தப் பையிலும் நான் படித்ததில்லை. குதிர் மெழுகும் வேலை போலவே, இதைச் சேர்த்து, பிரித்து, சூடான எருவுக்குக் கொண்டுசேர்க்கிற வேலையும் ஒருவர் கையில்தான் முடியும். பஞ்சாயத்துக் குப்பை வண்டியோடு வருகிற பெண்களைப் பார்த்தால் அது யார் கை என்று தெரிகிறது. இந்தத் தடவையாவது அதற்குக் கூலி போட்டுத் திட்டம் எழுதுவார்களா என்பதுதான் என் கேள்வி.

நாருக்குக் குறைவில்லை. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு பக்கம் தார் வெட்டிய பிறகு வாழை மரம் வயலோரம் அழுகுகிறது. திருச்சிக்குப் பக்கத்தில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் நாரெடுப்பது பற்றிய வேலைகள் நடந்திருக்கின்றன. சிக்கல் எடைதான்: மரத்தில் பெரும்பகுதி தண்ணீர், உலர்ந்த நார் நூற்றில் ஒன்று தேறினால் பெரிது. தண்ணீரைச் சுமந்து ஆலைக்கு அனுப்ப எந்த விவசாயிக்கும் கட்டாது; இயந்திரம் வரப்புக்கு வர வேண்டும். வைக்கோலோ அறுவடை இயந்திரத்தில் நசுங்கி, உருளையாகக் கட்டப்பட்டு லாரி ஏறிவிடுகிறது.

முறத்துக்குக் கூழ் எப்படி என்று கேட்கிற பெண்கள் இப்போது மறுபடி வருகிறார்கள். ஒரு நாள் செய்தித்தாளுக்கு ஒரு பிடி வெந்தயம் என்று சொல்லிக் கொடுக்கிறேன். வழவழப்புத் தாளை எடுக்க வேண்டாம், ஊறாது. மிக்சியில் அரைத்தாலும் பரவாயில்லை. ஆனால் சந்தையில் இப்போது விற்கிற முறத்தின் விளிம்பைப் பிளாஸ்டிக் நாடாவால் சுற்றியிருக்கிறார்கள். அதன் மேல் கூழ் பிடிக்காது, காய்ந்ததும் உரிந்து வந்துவிடும். அதை அவிழ்த்து எறிந்துவிட்டு, நனைத்த வாழைநாரால் விளிம்பைக் கட்டிய பிறகு மெழுகுங்கள்.